ஒபராவில் உடைந்த முறுக்கு

ஒரு முறுக்கு உடைகிற சத்தம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சூரிச்சில் ஒபரா மண்டபம். மேடையில் ஒரு பெண் தனியே நின்று, மூச்சு விடுகிற அளவுக்கு மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்கு நாலு இருக்கை தள்ளி இருந்த அண்ணை முறுக்கைக் கடித்தார். முன் வரிசையில் தலைகள் திரும்பின. அந்தச் சத்தம் கேட்காமல் இருந்தவர் அண்ணை ஒருவர்தான்.

அண்ணை எனக்குக் கூடப்பிறந்தவர் அல்ல. சுவிஸில் எம்மன்புரூக்கே என்கிற ஊரில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் பதினொரு பேர் வேலை செய்தோம். ஹோட்டல்களில் இருந்து படுக்கை விரிப்பு, துவாய், மேசைத்துணி எல்லாம் லொறியில் வரும். தோய்த்து, மினுக்கி, மடித்துத் திருப்பி அனுப்புவோம். தமிழர் நாங்கள் இரண்டு பேர். அவர் என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். அதற்கு முன் ஓர் இரும்புப் பட்டறையில் பத்து வருடம் நின்றவர். அவருடைய காது அங்கேயே போகத் தொடங்கியிருக்க வேண்டும். நான் கண்டுகொண்டபோது பாதிக்கு மேல் போயிருந்தது. ஆனால் எங்கள் வேலையிடத்தில் அது வெளியே தெரியாது. மெஷின்களின் இரைச்சலில் அங்கே எவருக்கும் எவர் சொல்வதும் கேட்காது. போர்த்துக்கேயப் பெண்கள், கொசோவோ லொறிக்காரன், நாங்கள், எல்லாரும் கையால்தான் கதைத்தோம். இரண்டு விரலைத் தூக்கினால் துவாய் வண்டி. கையைக் குறுக்கே வெட்டினால் மெஷினை நிறுத்து. அந்தக் கைப்பாஷையில் அண்ணையை மிஞ்ச ஆள் இல்லை. அவர் கண் எப்போதும் மற்றவர்களின் கைமேலேயே இருக்கும். காதுக்குப் போட மூடி தந்திருந்தார்கள். வேர்க்கிறது என்று நாங்கள் அதை ஆணியில் கொழுவிவிடுவோம்.

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு சுவிஸ் பெண். செஃபின் என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஜெர்மனில் மேலதிகாரி ஆண் என்றால் செஃப், பெண் என்றால் செஃபின். செஃபின் வந்து ஏதாவது கேட்டால் நான் அண்ணைக்குப் பக்கத்தில் போய் நின்று, அவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவேன். அவருக்கு ஜெர்மன் குறைவு என்பேன். உண்மையில் அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட நல்லது.

இப்படியே நாலு வருடம் ஓடி, பென்ஷனுக்கு அவருக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. "இந்த வயசில காது கேளாதவனை ஆரடா வேலைக்கு எடுப்பான்? ஒண்டரை வருசம்தானே. இழுத்துக்கொண்டு போவம்" என்றார். ஓம் என்றேன். மறைப்பதுதான் உதவி என்று நினைத்தேன். ஒரு நாள் முற்றத்தில் பாரம் தூக்குகிற வண்டி பின்பக்கமாக வந்தது. ஹோர்ன் அடித்துக்கொண்டேதான் வந்தது. அண்ணை முதுகைக் காட்டி நின்றார். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மூன்று பொத்தான்கள் தெறித்தன. அவர் வண்டியைப் பார்த்தார், பிறகு சட்டையைப் பார்த்தார். "புதுச் சட்டையடா" என்றார். அதையும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை வேலையிடத்தில் இருந்து எல்லாரையும் எங்காவது கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு வருடம் ஏரியில் கப்பல், இன்னொரு வருடம் மலையில் சீஸ் சாப்பாடு. அந்த வருடம் செஃபின் ஒபரா என்று எழுதி ஒட்டினார். அவருக்கு அது உயிர். லொறிக்காரன் தலையில் கை வைத்தான். அண்ணை சாப்பாட்டு நேரத்தில் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"மூண்டு மணித்தியாலமாம். மெஷின் இல்லை, சத்தம் இல்லை. அவ பக்கத்தில இருந்து ஏதும் கேட்டா என்ன செய்யிறது?"

"நான் பக்கத்தில இருப்பன் அண்ணை."

"நான் நித்திரை மாதிரி இருக்கிறன்."

"ஒபராவில நித்திரை கொண்டா மரியாதை இல்லையாம்."

"அப்ப கண்ணைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுறன்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவருடைய சிகரெட் இரண்டு தரம் அணைந்தது.

அன்று பின்னேரம் எல்லாரும் வெளிக்கிட்டு ஸ்டேஷனில் நின்றோம். அண்ணை கோட், கழுத்துப்பட்டி. கையில் ஒரு பொலித்தீன் பை. அக்கா, அதாவது அவருடைய மனைவி, முறுக்குச் சுட்டுக் கொடுத்திருந்தார். எங்கள் ஆட்களின் கலைவிழாவுக்குப் போனால் மேடையில் நாடகம் நடக்கும், கீழே வரிசை வரிசையாக ரோல்ஸும் முறுக்கும் தேத்தண்ணியும் நடக்கும். ஒருவரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நானும் பையைக் கண்டேன். ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

ரயிலில் செஃபின் டிக்கெட்டுகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். "எங்கே போனாலும் போர்த்துக்கல் ஒரு பக்கம், ஸ்ரீலங்கா ஒரு பக்கம். இன்றைக்கு மாறி இருப்போம்" என்றார். அண்ணைக்குச் செஃபினின் பக்கத்து இருக்கை விழுந்தது. எனக்கு நாலு இருக்கை தள்ளி. அண்ணையின் மறுபக்கத்து இருக்கை விழுந்த போர்த்துக்கேயப் பெண்ணிடம் டிக்கெட்டை மாற்றித் தரச்சொல்லி மெதுவாகக் கேட்டேன். செஃபின் கண்டுவிட்டார். விரலை ஆட்டிச் சிரித்தார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

எங்களுக்கு மேல்மாடியில் இடம். அங்கிருந்து பார்த்தால் மேடைக்கு முன்னால் பள்ளத்தில் வாத்தியக்காரர் எல்லாரும் தெரிவார்கள். முதல் ஒரு மணித்தியாலம் பிழையில்லாமல் போனது. அண்ணை கண்ணை எடுக்காமல் பார்த்தார். மற்றவர்கள் நெளிந்தார்கள், லொறிக்காரன் உண்மையாகவே நித்திரை. செஃபின் அண்ணையைத் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை நான் கண்டேன். தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

அதன் பிறகுதான் அந்தப் பெண் தனியே வந்தாள். வயலின்காரர் எல்லாரும் வில்லை மடியில் வைத்தார்கள். கீழே ஒரே ஒரு புல்லாங்குழல் மட்டும் ஒலித்தது. அண்ணையின் இருக்கையில் இருந்து அதை ஒரு தூண் மறைத்தது. அண்ணை பார்த்தது கைகளை. ஐம்பது கைகள் ஓய்ந்துவிட்டன. எங்கள் வேலையிடத்தில் எல்லாருடைய கையும் ஓய்ந்தால் அது இடைவேளை. அவர் பையை அவிழ்த்தார். பொலித்தீன் சரசரத்தது. அவசரம் இல்லாமல் ஒரு முறுக்கை எடுத்து, மரியாதையாகச் செஃபினிடம் நீட்டினார். அடுத்ததை எடுத்துத் தான் கடித்தார். முன் வரிசையில் ஒரு கிழவர் திரும்பி முறைத்தார். அண்ணை அவருக்கும் பையை நீட்டினார்.

என்னால் எட்ட முடியவில்லை. கையைக் காட்டினால் அவருக்கு விளங்கும். ஆனால் அவர் என் பக்கம் பார்க்கவில்லை. செஃபின் அவருடைய மணிக்கட்டில் கையை வைத்தார். அண்ணை திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தார், சாப்பிடுங்கோ என்கிற மாதிரி. அந்தச் சிரிப்பில்தான் செஃபினுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். கேட்கிற மனிதன் ஒருவனும் அந்த இடத்தில் அப்படிச் சிரிக்க மாட்டான். செஃபின் பிறகு அசையவில்லை. வாங்கிய முறுக்கை இடைவேளை வரும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

இடைவேளையில் நேரே என்னிடம் வந்தார். விரலெல்லாம் எண்ணெய்.

"அவருக்குக் காது கேட்காது. உனக்குத் தெரியும்."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் மிச்ச முறுக்கைப் போர்த்துக்கேயப் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டு நின்றார். இதற்கென்று நான் எத்தனையோ பொய் தயாராக வைத்திருந்தேன். தடிமன், காய்ச்சல், ஜெர்மன் குறைவு. ஆனால் ஓம் என்றேன்.

"எவ்வளவு காலம்?"

"நாலு வருடம்."

செஃபின் கோபப்படவில்லை. "நாலு வருடம் அந்த முற்றத்தில் அவருக்குப் பின்னால் வண்டி போய் வந்திருக்கிறது" என்றார். அவ்வளவுதான். மணி அடித்தது. உள்ளே போகும்போது தன் இருக்கையை எனக்குத் தந்தார்.

அண்ணை என்னைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினார். நான் என் காதைத் தொட்டேன். பிறகு செஃபினைக் காட்டினேன். அவருக்கு விளங்கியது. மேடை வெளிச்சமாகி எல்லாரும் ஒன்றாகப் பாடத் தொடங்கினார்கள். இருக்கையின் கைப்பிடி அதிர்ந்தது. அவர் அதைத் தொட்டுக்கொண்டு கடைசிவரை முன்னுக்கே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது ரயிலில் என் பக்கத்தில் இருக்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். செஃபின் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி அண்ணைக்குக் காட்டினேன். வேலை போகவில்லை. டொக்டரிடம் அனுப்பினார்கள். சத்தத்தில் நின்றதால் போன காது என்று எழுதி வந்தது. காது மெஷினுக்கு விபத்துக் காப்புறுதி பணம் கொடுத்தது. அவரை மேலே, மடிக்கிற அறைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. அத்தனை வருடம் பயந்ததில் ஒன்றுகூட நடக்கவில்லை. ஆனாலும் மூன்று கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. ஒரே ஒருமுறை படிக்கட்டில் வைத்துச் சொன்னார்: "நீயே காட்டிக் குடுத்திட்டாய்."

அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் சண்டைக் காலத்துத் துரோகிகளுக்குத்தான் சொல்வார்கள். அவர் சொன்னது சரியா என்று கனகாலம் யோசித்தேன். செஃபினிடம் ஓம் என்றதை நினைத்து நான் வருந்தியதில்லை. அதற்கு முந்தின நாலு வருடத்தைத்தான் நினைக்கிறேன். அப்போதே சொல்லியிருந்தால் இடது காதாவது கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம்.

காது மெஷின் வந்த அன்று அண்ணை கீழே எங்கள் மண்டபத்துக்கு வந்தார். வாசலில் நின்றார். இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"இந்தச் சத்தத்துக்குள்ளையோ நாங்கள் நிண்டனாங்கள்?"

"ஓம் அண்ணை."

"உன்ர குரல் இப்பிடியோ? தகரம் தட்டின மாதிரி."

"மெஷின் அப்பிடிக் காட்டுது."

"இல்லை, உன்ர குரல்தான்" என்றார். அதோடு கோபம் முடிந்தது. பென்ஷன் வரும்வரை மேலே மடிக்கிற அறையிலேயே நின்றார். பிறகு ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். போன குளிரில் காலமானார்.

செஃபினும் பென்ஷனில் போய்விட்டார். இப்போது ஒரு புது ஆண் செஃப். நான் அதே மெஷினில்தான் நிற்கிறேன். எனக்கும் வயது அறுபதை நெருங்குகிறது. கொஞ்சக் காலமாக என் மகள் எனக்கு எதையும் இரண்டு தரம் சொல்கிறாள். போன மாதம் காது பார்க்கிற இடத்துக்குத் தனியாகப் போனேன். சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். காதைச் சோதித்த பிள்ளை முடிவுத் தாளை எனக்குக் காட்டினாள். வலப்பக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது என்றாள். வேலையிடத்தில் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

மறுநாள் காலை அந்தத் தாளோடு புது செஃப் இருக்கிற அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே வா என்றாரோ தெரியாது. திறந்துகொண்டு போனேன்.