பக்கத்து இருக்கை பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவர் மிதித்துக்கொள்ளலாம்.

லைசென்ஸ் தேர்வன்று மட்டும் அதைத் தொடக்கூடாது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி சாலையைப் பார்ப்பாரா, மாஸ்டரின் காலைப் பார்ப்பாரா? சிக்னல் வந்ததும் பூப்போல ஒரு மிதி. வண்டி நிற்கும், ஆள் பாஸ். மிதித்தது யாரென்று ஓட்டியவருக்கே தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி எத்தனை பேர் தேறினார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அவருடைய மாப்பிள்ளையும் அவர்களில் ஒருவர்.

இன்று மாப்பிள்ளை புதுக் காரில் மாமனாரை முன்னால் உட்கார வைத்திருந்தார். பின்னால் மகளும் பேத்தியும். வண்டி பறந்தது.

"மாப்ள, கொஞ்சம் மெதுவா போங்களேன். முன்னாடி லாரி போகுது."

"நான் யாரு மாமா? மொத தடவையிலயே பாஸ் பண்ணவன். எங்க ஆபீஸ்ல மூணு தடவை போனவங்கல்லாம் இருக்காங்க."

"அவரு நல்லா ஓட்டுவாருப்பா," என்றாள் மகள். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

உண்மை அவர் தொண்டை வரை வந்தது. சொன்னால் மாப்பிள்ளையின் மானம் மட்டுமா போகும்? விழுங்கிக்கொண்டார்.

லாரியின் பின்விளக்கு சிவந்தது. மாப்பிள்ளை இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மாஸ்டரின் கால் தானாக நீண்டு, பலம் கொண்ட மட்டும் மிதித்தது.

அங்கே புது ரப்பர் விரிப்புதான் இருந்தது.