காற்றுக்குப் போட்ட தண்ணீர்க் குழாய்

போர்வெல் இறக்கியபோது மிஞ்சிய பிவிசி குழாய் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கும். துணி காயப்போடும் கம்பாகும், பந்தல் காலாகும். என் வீட்டில் அது காற்றுக் குழாயானது.

வடக்கனந்தலில் வீட்டு வாசலிலேயே எனக்கு டூவீலர் பட்டறை. கம்ப்ரசர் கத்துகிறதென்று அதைப் பின்பக்கம் தள்ளிவிட்டு, அங்கிருந்து வாசல்வரை காற்றுக்கு லைன் இழுத்தேன். நடுவில் தகரக் கொட்டகை. அதில்தான் மின்விசிறி இருக்கிறது, ஆகவே அதில்தான் என் மனைவியும் இருக்கிறாள். கல்வராயன் மலையிலிருந்து வண்டி சரிசெய்ய வருகிறவர்கள் கொண்டுவந்து போடும் புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பது அவள் வேலை. குழாய் அவள் தலைக்கு நேர் மேலே போனது.

குழாயில் பத்து கிலோ அழுத்தம் தாங்கும் என்று அச்சடித்திருந்தது. கம்ப்ரசரில் எட்டு கிலோ. இரண்டு கிலோ மிச்சம் என்று சந்தோஷப்பட்ட ஆள் நான். இணைப்புக்கு கப்ளிங்கும் வாங்கவில்லை. வயலில் செய்வது போலவே காய்ந்த ஓலையைக் கொளுத்தி, குழாயின் வாயைத் தீயில் காட்டி, இளகியதும் இன்னொரு குழாயை உள்ளே திணித்தேன். எங்கள் ஊரில் இதற்குப் படிப்பு வேண்டாம். தீப்பெட்டி போதும்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அது வெடித்தது.

சத்தத்தைக் கேட்டேனா என்றே இப்போது சொல்லத் தெரியவில்லை. காதில் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. பிறகு ஓடினேன். வயலில் தண்ணீர்க் குழாய் உடைந்தால் எங்கள் ஆட்கள் எங்கே ஓடுவார்களோ அங்கே ஓடினேன். கொட்டகையைத் தாண்டி, மனைவியைத் தாண்டி, கம்ப்ரசரையும் தாண்டி, போர் மோட்டார் பெட்டிக்கு. சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். சத்தம் நிற்கவில்லை என்று பியூஸையும் பிடுங்கினேன். பின்னால் காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டேயிருந்தது.

அவள்தான் எழுந்து போய் கம்ப்ரசர் சுவிட்சை அணைத்தாள்.

“இன்னாங்க, கையில பீஸப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க?”

“மோட்டார நிறுத்தினேன்.”

“எந்த மோட்டார? போருக்கு த்ரீ பேஸ் கரண்டே இன்னும் வர்ல. ஓடாத மோட்டார நிறுத்தின மொத ஆளு நீங்கதான்.”

அவள் தலைமுடியில் சாம்பல் நிறத் தூள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சில்லு, கத்தி போல, புளிக் குவியலில் குத்தி நின்றது. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு கையைத்தான் வைக்கலாம். அதைப் பிடுங்கி, ஒட்டியிருந்த புளியை வழித்துத் தட்டில் போட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டேன். அன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால் தெரியாது.

மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். வழக்கமாகக் குழாய் வாங்கும் கடை.

“பாய், நல்ல பிளாஸ்டிக் பைப்பா குடுங்க.”

“போருக்குங்களா?”

“காத்துக்கு.”

டீயைக் கீழே வைத்தார் கடைக்கார பாய். “இப்ப இன்னா போட்டிருக்கீங்க?”

சட்டைப் பையிலிருந்த சில்லை எடுத்து மேசையில் வைத்தேன்.

“யா அல்லா. வூட்ல எல்லாரும்…?”

“நல்லாத்தான் இருக்காங்க. நான்தான் மோட்டார நிறுத்திட்டேனே.”

அவர் சிரிக்கவில்லை. “தண்ணி லைன் விரிசல் வுட்டா ஒழுகும்ங்க, அவ்ளோதான். காத்து அப்பிடியில்ல. சுருங்கி உள்ள குந்திக்கினு இருக்கும். விரிசல் வுட்டா மொத்தமும் ஒரே நேரத்துல வெளிய வரும். பிவிசி கண்ணாடி மாதிரி செதறிடும்.”

“வெந்நீருக்குப் போடுறாங்களே, அந்த சிபிவிசி?”

“அதுவும் செதறும். வாணாம்.” சுருட்டி வைத்திருந்த ஒரு குழாயை இழுத்துப் போட்டார். இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு. “காத்துக்குன்னே அச்சு போட்டிருக்கு, படிச்சிக்குங்க. பித்தளை நட்டு வச்சி இறுக்கணும். புண்ணியமாப் போவும், தீயில காட்டிடாதீங்க.”

“இது வெடிக்காதா பாய்?”

“வெடிக்காதுன்னு நான் சொன்னா நம்புற மொகமாங்க உங்க மொகம்?”

கடையில் விற்பனைக்கு மாட்டியிருந்த கண்ணாடியில் பார்த்தேன். இல்லைதான்.

புதுக் குழாயைச் சுவரோரமாக, தரைக்குப் பக்கத்தில் போட்டேன். அவளைக் கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னேன்.

“அப்ப பேன மரத்துல மாட்டிக் குடுங்க” என்றாள்.

அவள் கொட்டகையை விடமாட்டாள். அதனால் சர்வீசுக்கு வந்திருந்த ஒரு வண்டியின் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் உட்காரும் பலகையில் நான் உட்கார்ந்தேன். கம்ப்ரசரைப் போடச் சொன்னேன்.

“வண்டியில போவும்போது மாட்டாதீங்க. வூட்ல குந்தறதுக்கு மட்டும் மாட்டுங்க.”

சுவிட்சைப் போட்டாள். தடதடவென்று ஓடியது. எட்டு கிலோவுக்கு முள் ஏறுகிறவரை பலகையின் இரு ஓரத்தையும் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் டக்கென்று தானே நின்றது. எங்கும் காற்று கசியும் சத்தமில்லை.

அவள் தட்டையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

“தள்ளுங்க.”

நான் தள்ளவில்லை. எழுந்திருக்க வரவில்லை என்பதே சரி. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து புளி தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஹெல்மெட்டுக்குள் நான் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.