லிஃப்டரின் விரல்கள்

வரும் வெள்ளிக்கிழமை நாங்கள் தோற்கப் போகிறோம். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. பக்கத்துக் கேம்ப்காரர்களுக்கும் தெரியும், எங்கள் மெஸ் சமையல்காரருக்கும் தெரியும். இறுதி ஆட்டம் என்றால் அவர் முன்கூட்டியே பாயசத்துக்குச் சேமியா வாங்கி வைத்துவிடுவார். இந்த முறை வாங்கவில்லை.

தோஹா தொழில்பேட்டையில், நாங்கள் தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்பின் பின்பக்கம் டிரெய்லர்கள் நிற்கிற பொட்டலில் இரண்டு சாரக்குழாய்களை நட்டு வலை கட்டியிருக்கிறோம். அதுதான் எங்கள் வாலிபால் கிரவுண்டு. வெள்ளிக்கிழமை லீவு. துணி துவைத்து, ஊருக்குப் போன் பேசி, வெயில் இறங்கியதும் அங்கே போய் நின்றால்தான் வாரம் முடிந்த மாதிரி இருக்கும். மற்ற நாள்களில் நான் சைட்டில் கம்பி கட்டுகிறவன். அன்று மட்டும் ஓர் அணியில் ஆள். இதை வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

அணி என்று பெயர்தானே தவிர, எல்லாம் ஒரே ஒருவன்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி, எங்கள் லிஃப்டர். வலையோரம் நின்று, அடிக்கிறவனுக்குத் தோதாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவன் வேலை. எவ்வளவு கோணலாக வந்தாலும் அவன் விரல் பட்டதும் பந்து சாதுவாகிவிடும். அடிக்கிற நாங்கள் வெறும் தடியன்கள். அவன் கொடுத்தான், நாங்கள் அடித்துவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டோம்.

அந்த விரல்களுக்காகத்தான் ஒரு பைத்தியக்காரத்தனத்தைச் செய்தோம். அவனும் எங்களோடு கம்பி கட்டுகிறவன். கட்டுக்கம்பி விரலைக் கிழிக்கும். கொறடு பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போகும். முதலில் வியாழக்கிழமை மட்டும் அவன் பங்கை நாங்கள் பிரித்துக் கட்டினோம். பிறகு புதன் சேர்ந்தது. அணி ஜெயிக்க ஜெயிக்க, வாரம் முழுக்க என்றாகி, அப்படியே வருஷமும் ஓடிவிட்டது. அவன் சாக்பீஸால் கம்பிக்கு அடையாளம் போடுவான், எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவான். கூச்சப்பட்டுக்கொண்டு எத்தனையோ முறை கொறடைக் கேட்டான்.

"நீ சும்மா இருடா. வெரல் போச்சுன்னா கப்பும் போச்சு" என்று பிடுங்கிக்கொள்வோம்.

பழைய ஃபோர்மேன் ஆட்டப் பைத்தியம், கண்டுகொள்ளவில்லை. அவர் மாற்றலாகிப் போய், புது ஃபோர்மேன் வந்தார். அவருக்கு ஆட்டம் தெரியாது, வேலை தெரியும். சைட் முடிகிற நேரம். ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தது. முதல் ஆளாக எங்கள் லிஃப்டரைக் காட்டினார். நாங்கள் கூட்டமாகப் போய் நின்றோம்.

"பாய், அச்சா ஆத்மி. அச்சா காம் கர்த்தா" என்றேன், எனக்குத் தெரிந்த இந்தியில். நல்ல ஆள், நன்றாக வேலை செய்வான் என்று.

அவர் கோபப்படக்கூட இல்லை. இத்தனை நாளில் அவன் ஒரு கட்டுப் போட்டு நான் பார்த்ததில்லையே என்றார். "காம் மாஃபி. கலாஸ்." வேலை கிடையாது, முடிந்தது. இங்கே கலாஸுக்கு அப்புறம் பேச்சே கிடையாது.

அவர் சொன்னது உண்மை. அவன் வேலையையும் நாங்கள்தான் செய்தோம் என்று சொன்னால், அப்படியானால் அவன் எதற்கு என்று கேட்பார். அப்படியே திரும்பி வந்தோம். விசா கேன்சலாகிக் கிளம்புகிறபோதும் அவன் என்னிடம் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினான்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. பந்து எறங்குற வரைக்கும் காத்திருந்து தூக்குங்க."

ஏனென்றால் இப்போது லிஃப்டர் நான். வேறு ஆளில்லை. என் விரல்கள் காய்த்துப் போனவை, பந்து பட்டால் எங்கோ தெறிக்கிறது. நேற்று ஆடிப் பழகும்போது நான் தூக்கிய பந்து டிரெய்லருக்கு அடியில் போய்க் கிடந்தது. எடுக்க யாரும் அசையவில்லை. எங்களில் நன்றாக அடிக்கிறவன் பாதியிலேயே ரூமுக்குப் போய்விட்டான். எனக்கு அழுகை வந்தது. வெள்ளிக்குப் பிறகு மற்றவர்களும் ஆட வருவதை விட்டுவிடுவார்கள். அப்புறம் அந்தப் பொட்டலில் டிரெய்லர்கள் மட்டும் நிற்கும்.

இன்று பட்டுக்கோட்டைத் தம்பியே ஊரிலிருந்து வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டான். எடுத்தவுடன் ஆட்டத்தைக் கேட்டான். "பாத்துக்கலாம்டா" என்று பொய் சொல்லிவிட்டு, வேலை ஏதாவது அமைந்ததா என்றேன்.

"தஞ்சாவூர்ல ஒரு எடத்துல கம்பி கட்டப் போனேண்ணே. மேஸ்திரி கைய நீட்டச் சொன்னாரு. பாத்துட்டு, இது கத்தார்ல கம்பி கட்டுன கையான்னு கேட்டாரு. வேணாம்னுட்டாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பிறகு கையை விரித்துப் போனுக்கு நேராகக் காட்டினான். ஒரு கீறல் இல்லை. அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தோம்.