சம்பூர்ணம்மா சொன்ன நேரம்

இதை எழுதினால் நான் நர்ஸ் வேலைக்கே லாயக்கில்லாதவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கண்ணால் பார்த்தேன், கையால் தொட்டேன். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? நான் பார்த்தது மே மாதத்துப் பட்டப்பகலில், ஒரு குப்பமே கூடி நின்ற இடத்தில். அன்றிலிருந்து எந்த நோயாளியின் கையையும் நான் கட்டுவதில்லை. டாக்டர் சொன்னாலும் சரி, வேலை போனாலும் சரி.

என் பெயர் பிரின்சி. கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். வார்டில் சம்பூர்ணம் என்று ஓர் அம்மா. ஆரம்பாக்கம் தாண்டி, ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம் அவருக்கு. நுரையீரல் கெட்டுவிட்டது, இனித் தேறாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அந்தம்மா அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் தொண்டையில குழாய் போட உடாத பாப்பா. என் ஊட்டு வாசல்ல, ஏரியைப் பாத்துக்கினு, நான் சொல்ற நேரத்துல போவேன். இது என் உசுரு."

மகன் முனிகிருஷ்ணனிடமும் அதையேதான் சொன்னார். அவர் கேட்கவில்லை. பெற்றவளைச் சாகவிட்டான் என்று ஊர் பேசுமே என்ற பயம். மூச்சு முட்டிய அன்று ஐசியூவில் குழாயைப் போட்டுவிட்டார்கள். அந்தம்மா இரண்டு முறை பிடுங்கி எறிந்தார். கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் மகன் மனம் இறங்கினார். "ஊட்டுக்கே இட்டுக்கினு வந்துருங்க," என்று சொல்லிவிட்டு, வாசலைக் கழுவிக் கட்டில் போட முன்னாலேயே கிளம்பிப் போனார்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். வெளியே இறந்தவரை ஊருக்குள் விடமாட்டார்கள். நேராகச் சுடுகாடுதான். வாசலுக்கு வர மூச்சு இருக்க வேண்டும்.

அதனால்தான் மறுநாள் ஆம்புலன்ஸில் என்னையும் ஏற்றினார்கள். குழாயை எடுத்திருந்தார்கள். முகத்தில் மாஸ்க். அதோடு சேர்ந்த பையைக் கையால் அமுக்கி, வீடு வரை மூச்சுக் கொடுக்க வேண்டும்.

"அமுக்கிக்கினே இரு. நிறுத்தாத," என்றார் டிரைவர் தீனா அண்ணன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மணி பன்னிரண்டு. சிப்காட் லாரிகள் வரிசையாக வழியை அடைத்து நின்றன.

"சைரன் போடுங்கண்ணா."

"எதுக்கும்மா…"

போடவேயில்லை.

விரலில் மாட்டிய கருவியில் எண் வரவில்லை. கை சில்லிட்டிருந்தது. ஏசி என்று நினைத்தேன். ஏசி ஓடவில்லை. நாடி பார்த்தேன். துடித்தது என் விரலா, அந்தம்மாவின் கையா… குலுக்கலில் தெரியவில்லை.

புஸ்… புஸ்…

அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஸ்ட்ரெச்சரிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்… சொட்… எங்கிருந்து வருகிறது என்று புரியவில்லை.

ஆரம்பாக்கம் தாண்டியது. ஏரிக்காற்று உள்ளே வந்தது.

என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள்.

சம்பூர்ணம்மா.

கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. மாஸ்க்கைத் தானே தள்ளினார்.

"போதும் பாப்பா."

தீனா அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். வண்டி தாறுமாறாக ஓடியது. பிறகு பறந்தது.

குப்பத்தில் ஊரே நின்றது. வாசலில், கட்டிலில் கிடத்தினோம்.

"தூக்கி உக்கார வை, பாப்பா."

தூக்கினேன். முதுகு மடங்க மறுத்தது. பலகையை நிமிர்த்துகிற மாதிரி இருந்தது.

"எம்மா…" மகன் காலடியில் விழுந்தார்.

அந்தம்மா இரண்டு மணிக்கட்டையும் நீட்டினார். கட்டிய தடம் நீலமாகத் தெரிந்தது.

"என்னைக் கட்டிப் போட்டே இல்ல, நைனா?"

மகன் அந்தத் தடத்தைத் தடவினார்.

"இனிமே யாருக்கும் செய்யாத."

ஏரியைப் பார்த்தார்.

வெகுநேரம்.

"இப்ப," என்றார்.

தலை சாய்ந்தது.

திரும்பும் வழியில் தீனா அண்ணன் வண்டியை ஓரம் கட்டி வாந்தி எடுத்தார்.

"உன்னாண்ட சொல்லலம்மா. சொன்னா நீ வரமாட்டேன்னு டாக்டர் வாணாம்னுட்டாரு. அவங்க மகனுக்கும் தெரியாது."

"இன்னாண்ணா தெரியாது?"

"ஊருக்குள்ள உடணுமேன்னுதான் மாஸ்க் மாட்டி அனுப்புனாங்க. அந்தம்மா நேத்து ராத்திரியே பூட்டாங்க. காலையில ஃப்ரீசர்ல இருந்து தூக்கி ஸ்ட்ரெச்சர்ல வெச்சவனே நான்தான்."