சேரப்பணஞ்சேரியில் மெதுவாகச் சுழன்ற நாடா

2004 பிப்ரவரி, சனிக்கிழமை. பிற்பகல் 3.15.

காலையில் கோயம்புத்தூர் ரயிலில் சென்னை வந்து இறங்கிய நான், மதியத்துக்கு மேல் தாம்பரத்தில் ஒரகடம் போகும் வேன் ஒன்றில் ஏறினேன். சேரப்பணஞ்சேரிக்குப் பன்னிரண்டு ரூபாய். பையில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, பேட்டரியில் ஓடும் சிறிய டேப் ரெக்கார்டர், ஒரு கேசட்.

இந்தப் பயணத்துக்கே காரணம் அந்தக் கேசட்தான். கறுப்பினக் கலைஞர்களின் இசையை நான் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். அதில் எனக்கு மிகவும் பிடித்தவற்றை ஒரே கேசட்டில் தொகுத்திருந்தேன். முதல் பக்கம் செவ்வியல். நான்கு தந்திக் கருவிகளுக்காக ஒரு கறுப்பின இசையமைப்பாளர் எழுதியது முதலில் வரும். பக்கத்தின் கடைசியில், பியானோ மட்டும் துணையிருக்க, ஒரு பாடகி அடிமைக் காலத்துப் பழம்பாட்டு ஒன்றைப் பாடுவார். பெண்குரல் அவ்வளவு ஆழம் போகும் என்பதை அவரிடம்தான் அறிந்தேன். மறு பக்கத்தில் ப்ளூஸ் கிதார், ட்ரம்பெட், தேவாலயத்தில் பாடிப் பழகி நடன அரங்குக்கு வந்தவர்களின் பாட்டு. இதன் பிரதி ஒன்றைப் போன ஆண்டு நண்பர் தானியேலுக்கு அனுப்பினேன். என்னுடன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று சேரப்பணஞ்சேரியில் குடியேறி, அங்குள்ள சிறிய தேவாலயத்தின் பாடகர் குழுவை நடத்துகிறார். அந்தப் பழம்பாட்டைத் தமிழாக்கிப் பயிற்சி கொடுத்திருப்பதாகவும், ஞாயிறு ஆராதனையில் அதைப் பாடப்போவதாகவும் எழுதியிருந்தார்.

முன் இருக்கையில் கேசட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் கை நீட்டினார்.

"இன்னா சார், பாட்டா? குடு, போட்லாம்."

மறு பக்கத்தைப் போட்டார். ட்ரம்பெட் கிளம்பியது.

"யாரு சார் ஊதறது?"

"அமெரிக்காக்காரர். கறுப்பினத்தவர்."

"நம்ம கலருன்னு சொல்லு. மூச்சே வுடாம ஊதறான் பாரு."

படப்பை நிறுத்தத்தில் கைகாட்டியவர்களைத் தாண்டி வேன் போய்விட்டது. பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "இன்னாய்யா, ஆளை ஏத்தாமலே போய்க்கினு கீறே?"

"இருப்பா, அந்தாளு முடிக்கட்டும்."

மாலை 4.25. சேரப்பணஞ்சேரி. சாலையின் ஒரு பக்கம் நாற்று, மறு பக்கம் கம்பெனிச் சுற்றுச்சுவர். ஷிப்ட் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரகடம் நோக்கிப் போயின. தானியேல் சைக்கிளோடு காத்திருந்தார்.

மாலை 6.40. தேவாலயம். ஓடு வேய்ந்த கட்டடம், அறுபது பேர் உட்காரலாம். குழுவில் பதினோரு பேர், எல்லோரும் கம்பெனித் தொழிலாளர்கள். தனிப்பாட்டு அற்புதராஜுக்கு. நாசரேத் பக்கத்துக்காரர், இங்கே தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். ஞாயிறு ஓவர்டைமை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மகன் பாடுவதைக் கேட்க அவருடைய தகப்பனார் ஊரிலிருந்து அன்று மாலையே பஸ் ஏறியிருந்தார்.

அற்புதராஜ் பாடத் தொடங்கினார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதே பாட்டுத்தான். ஆனால் கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் அத்தனை கீழே, அத்தனை நிதானமாக வந்தது. ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளிகளில் மற்ற பத்துப் பேரும் வாய் மூடி மெட்டை முனகினார்கள்.

"இவ்வளவு மெதுவாகப் பாட எப்படித் தோன்றியது?" என்று கேட்டேன்.

"டேப்புல உள்ளபடிதான் சார் படிச்சோம்" என்றார் அற்புதராஜ். பாடுவதைப் படிப்பது என்பது அவர் ஊர் வழக்கு.

நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேல் குண்டு பல்பு சிவந்த கம்பியாகத் தெரிந்தது. மாலையானால் அங்கே வோல்டேஜ் இறங்கிவிடும். அவர்கள் பயிற்சி செய்வதும் அந்த நேரத்தில்தான். தேவாலயத்தின் பழைய டேப் ரெக்கார்டர் இழுத்து இழுத்து ஓடியிருக்கிறது; பாடகியின் குரல் ஆண்குரலாக இறங்கியிருக்கிறது.

"உங்க பொட்டில போடுங்க சார், கேப்போம்" என்றாள் ஜெயா. உள்ளூர்ப் பெண், உதிரிபாகக் கம்பெனியில் வேலை.

போட்டேன். பேட்டரியில் நாடா சரியான வேகத்தில் சுழன்றது. இரண்டாவது வரியிலேயே ஜெயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இது பொம்பள கொரலு! இன்னாண்ணே, இத்தினி நாளா எங்க பார்ட்டையா பாடிக்கினு இருந்தே?"

"நாளைக்குப் பொடவை கட்டிக்கினு வந்துருண்ணே" என்றான் இன்னொருவன். குழுவே சிரித்தது. பதிவில் ஆண்குரல் உள்ளதை ஆண்களும், பெண்குரல் உள்ளதைப் பெண்களும் எடுப்பதுதான் அந்தக் குழுவின் வழக்கம்.

அற்புதராஜ் சிரிக்கவில்லை. "எங்கய்யா ராவோட ராவா வாராரு. அவரு முன்னாடி பொம்பளப் பாட்டா படிக்கச் சொல்லுதிய? நான் படிக்க மாட்டேன்." பாட்டுத் தாளை மடித்து ஹார்மோனியத்தின் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஜெயாவின் சிரிப்பு நின்றது. தானியேல் தயங்கிவிட்டு, தாளை அவளிடம் கொடுத்தார்.

ஞாயிறு. காலை 9.00. முதல் பெஞ்சில் வெள்ளை வேட்டியும் பயணக் களைப்புமாகத் தகப்பனார். அற்புதராஜ் குழுவின் பின்வரிசையில் தலை குனிந்து நின்றார். காலையில் வந்து இறங்கியவரிடம் மகன் என்ன சொன்னாரோ, என்ன சொல்லாமல் விட்டாரோ, பெரியவரின் கண்கள் மகனைவிட்டு நகரவில்லை.

ஜெயா முதல் சரணத்தைச் சுத்தமாகப் பாடினாள். அது முடிந்ததும் ஓர் அடி பின்வாங்கி நின்றுவிட்டாள். தானியேல் ஹார்மோனியத்தை இரண்டு முறை அமுக்கிக் காட்டினார். அவள் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கிசுகிசுத்தாள்.

"பாடுண்ணே. உங்கப்பாரு பாத்துக்கினு கீறாரு."

யாரும் சிரிக்கவில்லை. வெளியே ஒரு கம்பெனிப் பேருந்து கடந்து போனது. அதன் சத்தம் அடங்கியபோது, அந்தச் சத்தத்தின் தொடர்ச்சிபோல அற்புதராஜின் குரலில் இரண்டாம் சரணம் எழுந்தது. ஹார்மோனியம் பிடித்திருந்த சுருதிக்கு வெகு கீழே. தானியேல் கையை எடுத்துவிட்டார். கடல் கடத்திக் கொண்டுபோகப்பட்டு, பருத்திக் காட்டில் வளைந்து வேலை செய்த மனிதர்கள் உண்டாக்கிய மெட்டு அந்த ஓட்டுக் கூரைக்குக் கீழே நின்றது. என் உள்ளங்கைகளின் கீழ் பெஞ்சு அதிர்ந்தது. நெடுநாள் கேட்ட பாட்டை நான் அன்றுதான் முதன்முறையாகக் கேட்பதுபோல் இருந்தது.

ஆராதனை முடிந்து பெரியவர் வெளியே வந்தார். மகனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். பிறகு ஜெயாவிடம் திரும்பினார்.

"நீ மொதல்ல எடுத்துக் குடுத்தது நல்லா இருந்துச்சு, தாயி. அவனுக்குச் சின்னதுல இருந்தே தொடங்கத்தான் கூச்சம்."

"பாத்தியாண்ணே" என்றாள் ஜெயா. "நான் உனுக்கு எடுத்துக் குடுக்கற ஆளு!"

அற்புதராஜ் அப்போதுதான் சிரித்தார்.

திங்கட்கிழமை கோயம்புத்தூர் வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் வோல்டேஜ் குறைவதில்லை. இரவு உணவுக்குப் பின் முதல் பக்கத்தைப் போட்டேன். தந்திகள் முடிந்து அந்தப் பாடகி வந்தார். அதே ஆழம், அதே பியானோ, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியின் முடிவிலும் அந்தப் பத்துப் பேரின் முனகலுக்காகக் காத்திருந்தேன். அது வருவதற்குள் அந்த அம்மாள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.