மருமகளிடம் மறைத்த காயம்

குடலிறக்கத்துக்கு அறுவை செய்து வீட்டுக்கு அனுப்பியபோது, பக்கத்துக் கிளினிக்கில் கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரே ஒரு தடவை போனேன். கட்டு மாற்ற வந்த நர்ஸ் மிஸ்ஸிக்கு என் பேத்தி வயது. தையலோ தொடையிடுக்கில். அவள் முன்னால் கைலியைத் தளர்த்தியபோது உயிரே போய்விட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். காயம் காய்ந்துவிட்டது என்று மருமகளிடம் கூசாமல் பொய் சொன்னேன். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இங்கே மலேசியாவில், மேரு என்ற சிற்றூரில் இருக்கும் வீட்டில் நானும் அவளும்தான்.

காயம் காயவில்லை. முதலில் தையலைச் சுற்றிச் சிவந்தது. பிறகு வீங்கி, தொட்டால் சுட்டது. ஒரு காலையில் பிளாஸ்டர் மஞ்சளாக நனைந்து நாறியது. சீழ் என்று எந்த முட்டாளுக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. ஆனால் இந்த மேதாவி என்ன செய்தான்? குளித்துவிட்டு அதன்மேல் பவுடரைக் கொட்டினான். கல்யாணத்துக்குப் போகிறவனைப் போல மணக்க மணக்கச் சாப்பிட உட்கார்ந்தான். மருமகள் இரண்டொரு முறை என்னை உற்றுப் பார்த்தாள். காயத்தைக் காட்டுங்கள் என்று மாமனாரிடம் எந்த மருமகள் கேட்பாள்? அவளுடைய அந்த மரியாதைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

கடைசியில் குளிர்ஜுரம் வந்தது. நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்த என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவள், எதுவும் கேட்காமல் காரில் ஏற்றிக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றினார். உப்புநீரால் கழுவி, மறுபடி தைக்காமல் உள்ளே மருந்துத் துணியை வைத்தார். ஆன்டிபயாடிக் எழுதினார். காயத்தோரம் கட்டிதட்டிப் போயிருந்த பவுடரைக் காட்டி, திரைக்கு வெளியே நின்ற மருமகளைத்தான் திட்டினார். வீட்டில் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் லட்சணம் இதுதானா என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

திரும்பும்போது அவள் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு வெக்கம், சரி. ஏதாச்சும் ஆயிருந்தா, ஏன் பாத்துக்கலன்னு உங்க மகன் என்னைத்தானே கேட்டிருப்பாரு மாமா?"

கேட்டிருப்பான். சொந்தக்காரர்களும் வந்து கேட்டிருப்பார்கள். அவளுக்காகப் பேச அந்த வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான், நானோ செத்துப்போயிருப்பேன்.