தட்டிப் பார்த்த ஜாடி

அன்னெலி ஷாஃபுக்கு இடுப்பு மூட்டு மாற்றி வைத்த பிறகு, அவளுடைய வீட்டுச் சாவி கெர்லிண்டே பூட்ஸிடம் வந்து சேர்ந்தது. வேறு யாரிடம் போகும்? அன்னெலியின் மகன் ஹாம்பர்க்கில் இருந்தான். தொலைபேசியில் மட்டும் நல்ல பிள்ளை. கெர்லிண்டேயோ ஆண்டர்நாஹ் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படுத்தவர்களைப் புரட்டவும் கழுவவும் நடக்க வைக்கவும் தெரியும். ஐயோ பாவம் என்று கன்னத்தில் கை வைத்து நிற்கத் தெரியாது.

இரண்டு பேரையும் சேர்த்து வைத்தது பூஜாடி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ரைன் கரைத் தொழிற்சாலைகள் மலைமலையாகச் சுட்டுத் தள்ளிய ஜாடிகள் அவை. மேல்பூச்சு கொதித்து, நுரைத்து, அப்படியே உறைந்துபோன மாதிரி இருக்கும். கறுப்புப் பாறை மேல் ஆரஞ்சு நெருப்புக் குழம்பு ஓடி நின்றாற்போல ஒன்று, நிலாவின் முகம் போலக் குழி குழியாக இன்னொன்று. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி மேலும் ஒன்று நின்றது. பிறகு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அது அசிங்கமாகிவிட்டது. நிலவறைக்குப் போனது. நிலவறைக்காரர்கள் செத்ததும் பழம்பொருள் சந்தைக்கு வந்தது. கெர்லிண்டே அங்கேதான் பிடித்துக்கொண்டாள்.

"வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்" என்று அவள் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்தான் முதலில் போனார்.

சனிக்கிழமை விடிந்ததும் கோப்லென்ஸ் சந்தையில் அவளும் அன்னெலியும் நிற்பார்கள். பையில் ஒரு சூடுகாக்கும் குடுவை காப்பி, இரண்டு கோப்பை, ஈரல் பசை தடவிய ரொட்டி. வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கெர்லிண்டேக்குக் காது மந்தம். ஆனால் ஒட்டு வேலையை அவளிடம் மறைக்க முடியாது. உடைந்த பூச்சை மாவு வைத்து நிரப்பி, மேலே வர்ணம் அடித்து விற்கிற ஆட்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. கெர்லிண்டே ஜாடியைத் தூக்கி உதட்டில் வைப்பாள், நாக்கு நுனியால் தொடுவாள். சூளையில் சுட்ட பூச்சு சில்லென்று இருக்கும். வர்ணம் வெதுவெதுப்பாக உதட்டைப் பிடிக்கும்.

அன்னெலி காது. சிறு வயது முதல் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்தவள். ஜாடியின் அடியை விரல் நுனிகளில் தாங்கி, அணைக்காமல், மறு கையின் மடக்கிய விரல் மொழியால் ஒரு தட்டு. முழு ஜாடி மணி மாதிரி இழுத்துப் பேசும். விரிசல் விட்டது 'டொக்' என்று நின்றுவிடும். விரிசல் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 'டொக்' என்றால் வைத்துவிட்டு நடக்க வேண்டியதுதான்.

"காதும் நாக்கும் வந்தாச்சு, ஒட்டுப் போட்டதையெல்லாம் உள்ள எடுத்து வைங்கப்பா!" என்று கத்துவான் மாட்டெஸ். பழைய சாமான் கடைக்காரன், நல்ல வாயாடி. எழுபது வயதுக் கிழவியையும் 'பொண்ணே' என்றுதான் கூப்பிடுவான்.

கெர்லிண்டேயின் அலமாரியில் எத்தனையோ இருந்தன. ஆனாலும் அவள் மனசு ஒரு வரிசையில் கிடந்தது. ஒரே வடிவம், ஒரே கறுப்பு ஆரஞ்சுப் பூச்சு, ஐந்து அளவு. நான்கு கிடைத்துவிட்டன. ஐந்தாவது, முழங்கால் உயரத்துக்குத் தரையில் நிற்கிற பெரியது, அகப்படவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில் அதற்கென்று இடம் விட்டு, விருந்தாளி யாராவது பையை அங்கே வைத்தால் எடுத்து நகர்த்துவாள்.

ஒரே ஒரு தடவை அது கண்ணில் பட்டது. ஆறு வருஷத்துக்கு முன், மழை தூறிய ஒரு சனிக்கிழமை, மாட்டெஸின் மேஜைக்கு அடியில். கழுத்தில் ஆரஞ்சுப் பூச்சு வளைந்த சுண்டுவிரல் மாதிரி இறங்கியிருந்தது. கெர்லிண்டே மண்டியிட்டு நாக்கை வைத்தாள். சில்லென்று இருந்தது.

"தட்டுடி" என்றாள்.

அன்னெலி அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "அம்மாடி, என்னா கனம்!" தட்டினாள். காதைச் சாய்த்தாள். மறுபடி தட்டினாள்.

"டொக்குங்குது, கெர்லி. உள்ள விரிசல்."

"யாரைப் பார்த்து விரிசல்ங்கற? முழுச் சாமான்!" என்று மாட்டெஸ் எகிறினான். கெர்லிண்டே எழுந்து நின்று, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "எங்க காது பொய் சொல்லாது. உன் சாமான் விரிசல்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மனசு கனத்தாலும் பெருமையாகவும் இருந்தது. இத்தனை ஆசைப்பட்டும் விரிசல் என்றதும் விட்டுவிட்டு வர முடிந்ததே என்று. அன்று காப்பிக்கு அன்னெலிதான் கேக் வாங்கித் தந்தாள். அதற்குப் பிறகு மாட்டெஸ் கெர்லிண்டேயிடம் அளந்துதான் பேசினான். பொண்ணே என்று கூப்பிடுவதும் நின்றுபோனது.

இப்போது அன்னெலியின் கட்டிலைக் கூடத்திலேயே போட்டிருந்தார்கள். மாடி ஏறக் கூடாது என்பது வைத்தியர் உத்தரவு. கெர்லிண்டே காலையில் வந்து கழுவி, மருந்து கொடுத்து, கம்பு ஊன்றி நடக்க வைத்துவிட்டுப் போவாள். அன்று காலுறை மாற்ற வேண்டியிருந்தது. ரத்தம் கட்டாமல் இருக்கப் போடுகிற இறுக்கமான காலுறை; மாற்று ஜோடி மாடியில் இருந்தது.

"மேல எதுக்குடி போற? படி ஒரே செங்குத்து. நீயும் விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் யாரு தூக்குறது?" என்றாள் அன்னெலி.

"இதையே போட்டுக்கிட்டிருந்தா நாறும்."

"நாறட்டும். என் காலுதானே."

"மூக்கு என்னுது" என்று சொல்லிக்கொண்டே கெர்லிண்டே ஏறினாள்.

ஜாடி மறைத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அதுதான் அவளை வாசலிலேயே நிறுத்தியது. படுக்கை அறை ஜன்னலோரம், பின்னல் விரிப்பு மேல், துளித் தூசி இல்லாமல், காலை வெளிச்சத்தில் நின்றது. கட்டிலில் கண் விழிப்பவள் முதலில் பார்ப்பது அதுவாகத்தான் இருக்கும். கழுத்தில் அந்த வளைந்த சுண்டுவிரல்.

விரிசல் ஜாடியை இரக்கப்பட்டு வாங்கியிருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். நோயாளியைப் பற்றி அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது என்பது அவள் தொழிலில் படித்தது. போன வருஷம்தான் காதுக்குக் கருவி வாங்கியிருந்தாள். ஜாடியை நின்ற இடத்திலேயே விட்டு, கையோ உடம்போ படாமல், விரல் மொழியால் தட்டினாள்.

அது மணி மாதிரி பேசியது. நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே பேசியது.

பிறகு உள்ளங்கையை அதன் வயிற்றில் அழுத்தி வைத்துக்கொண்டு தட்டினாள். 'டொக்.'

அன்னெலி மார்போடு அணைத்துக்கொண்டது ஞாபகம் வந்தது. "அம்மாடி, என்னா கனம்!"

அதற்கும் மேல் ஒரு சோதனை பாக்கி இருந்தது. ஜாடிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, குளியலறையிலிருந்து குவளை குவளையாகத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினாள். காலுறையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அன்னெலி அவள் முகத்தையே பார்த்தாள். கெர்லிண்டே காலுறையைச் சுருக்கம் விழாமல் கணுக்காலிலிருந்து உருட்டி ஏற்றினாள். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்க வைத்தாள். உருளைக்கிழங்கு வேக வைத்து, ஆப்பிள் மசியலோடு ஊட்டாத குறையாகக் கொடுத்தாள்.

"என்னடி, பேச்சையே காணோம்?"

"உப்புப் போதுமா?"

"போதும்."

காப்பி நேரத்துக்கு மேலே போய்ப் பார்த்தாள். செய்தித்தாள் காய்ந்தபடியே இருந்தது. தண்ணீரைக் கொட்டி, துடைத்து, ஜாடியைத் தூக்கிக்கொண்டு படி படியாக இறங்கினாள். இதைவிடக் கனமானவர்களைத் தூக்கிப் பழகிய கை. அன்னெலியின் கட்டில் எதிரே தரையில் நிறுத்திவிட்டு, அப்புறம்தான் காப்பியை ஊற்றினாள்.

அன்னெலி கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே, "உன் பிறந்தநாளைக்குன்னுதான் வாங்கினேன்" என்றாள்.

"எந்தப் பிறந்தநாளு? ஆறு போயிடுச்சு."

"திடீர்னு கொடுத்து உன்னை அசத்தணும்னு…"

"அசந்துட்டேன்."

அன்னெலி கேக்கைத் தட்டில் வைத்தாள். "திட்டிடேன் ஒரேயடியா."

"எதுக்கு? ரத்த அழுத்தம் ஏறும். உனக்கும் எனக்கும்."

"உனக்கு என்னடி தெரியும்?" என்று அன்னெலி வெடித்தாள். அழுகையும் கோபமும் கலந்த குரல். "உன் வீட்டுக்கு வர்றவன்லாம் 'கெர்லிண்டே சேர்த்த ஜாடி'ன்னு வாயைப் பொளப்பான். எத்தனை ஜாடிய நான் தட்டிக் கொடுத்திருப்பேன்? காதை யாருடி அலமாரில வச்சுக் காட்டுவா? ஒரே ஒரு தடவை, நீ ஆசைப்பட்டது என்கிட்ட இருக்கணும்னு தோணிச்சு. காலையில முழிச்சதும் பார்ப்பேன். நல்லா இருந்துச்சு. பொய் சொல்லல, ரொம்ப நல்லா இருந்துச்சு."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீயே வச்சுக்கன்னு சொல்லியிருப்பேன்."

"அதான். நீ கொடுத்ததா ஆயிருக்குமே."

கெர்லிண்டேக்கு அது நியாயம் போலவும் இருந்தது, நியாயமாகவும் இல்லை. சனிக்கிழமைதோறும் குளிரில் பக்கத்தில் நின்று, "பெரியது இன்னிக்காவது கிடைக்கும்டி" என்று தைரியம் சொன்ன வாயும் இதே வாய்தான் என்பது மட்டும் மனசில் ஆறவில்லை.

"எடுத்துட்டுப் போயிடு" என்றாள் அன்னெலி.

"காப்பிய குடி. ஆறுது."

மறுநாள், வீட்டுக்கே வந்து பார்க்கிற தாதியர் நிலையத்துக்குக் கெர்லிண்டே போன் செய்தாள். அவளுக்குத் தெரிந்த இடம், சுத்தமாகச் செய்வார்கள். வேலையை எப்படிச் செய்வது என்று வருகிற பெண்ணுக்குத் தானே காட்டிக் கொடுத்தாள். காலுறையை இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். நடையைச் சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுவாள், விடக் கூடாது. படுத்திருப்பவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்திருந்தாள்.

அந்தப் பெண் போன பிறகு, கெர்லிண்டே காரிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தாள். துணி சுற்றிய நான்கு ஜாடிகள். ஒவ்வொன்றாகப் பிரித்து, பெரியதற்குப் பக்கத்தில் உயர வரிசையில் நிறுத்தினாள். ஐந்தும் சேர்ந்து நின்றபோது, இத்தனை வருஷம் நினைத்ததைவிட அழகாகவே இருந்தன. ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"கெர்லி, வேண்டாம்டி. இது எனக்குத் தண்டனை."

"வரிசையைப் பிரிச்சு வைக்கக் கூடாது. வாரத்துல ஒரு நாள் துடை. ஈரத்துணி வேண்டாம், தூரிகையால."

"உன்னுதையாவது எடுத்துக்க!"

"எடுத்துட்டுப் போனா, பார்க்கறப்பல்லாம் உன் ஞாபகம்தான் வரும்" என்றாள் கெர்லிண்டே. சாவியை மேஜை மேல் வைத்தாள். கதவை அறையவில்லை.

வீட்டில் அலமாரியின் தூசியில் நான்கு வட்டங்கள் இருந்தன. துடைத்தாள்.

சனிக்கிழமை சந்தைக்குப் போகாமல் இருக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. போனாள். ஒரு பாக்கி இருந்தது. மாட்டெஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன பூட்ஸ் அம்மா, காதைக் காணோம்?"

"கெட்டுப்போச்சு. மாட்டெஸ், அந்தப் பெரிய ஜாடி. விரிசல்னு இதே இடத்துல நின்னு கத்தினேனே. அது முழுசு. நான் சொன்னது தப்பு."

மாட்டெஸ் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். "இப்பதான் தெரியுமா உங்களுக்கு?"

"இப்பதான்."

"அன்னிக்குக் கடை கட்டுற நேரத்துல உங்க கூட்டாளி திரும்பி வந்தாங்க. விரிசல் சாமான்தானேன்னு பாதி விலைக்கு அடிச்சுப் பேசி எடுத்துட்டுப் போனாங்க. ஊரே கேக்க விரிசல்னு சொல்லிட்டீங்க, வேற யாரு வாங்குவா? நானும் கொடுத்துட்டேன்." அவன் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் போட்ட நாடகம்னுதான் நான் நெனச்சேன். இங்க எல்லாருமே அப்படித்தான் நெனச்சோம்."

ஜாடி போனதையும் சிநேகிதி போனதையும் நிமிர்ந்து நின்று தாங்கியவள், அங்கேதான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மாட்டெஸ் மடக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டான். அவள் உட்காரவில்லை. ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் இவர்கள் நடுவே தலைநிமிர்ந்து நடந்திருக்கிறாள், திருட்டுப் பட்டத்தோடு. அது தெரிந்தே பக்கத்தில் நடந்திருக்கிறாள் அன்னெலி.

பையிலிருந்து குடுவையை எடுத்தாள். பழக்கத்தில் இரண்டு கோப்பை வந்திருந்தது. ஒன்றில் ஊற்றி மாட்டெஸிடம் நீட்டினாள்.

பிறகு அவன் மேஜையிலிருந்த ஒரு நீல ஜாடியை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தாள். காதுக் கருவியைத் திருகினாள். அடியை விரல் நுனிகளில் ஏந்தி, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்து, எல்லாருக்கும் தெரியும்படி ஒரு தட்டு தட்டினாள். அது பேசி ஓயும்வரை நின்றாள்.

"முழுசு" என்றாள், பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படி. "நல்ல சாமான்."

ஜாடியை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"வேண்டாமா, பொண்ணே?" என்றான் மாட்டெஸ்.

"இன்னிக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கோப்பையை வாங்கிக் கழுவ, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தாள்.